இல்லவத்தை

கட்டுரையை எழுதி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், அதை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுதுவதற்குப் பட்ட பாட்டை விட அனுப்ப நான் பட்ட பாடு பெரிது. படங்கள் ஒரு கோப்பில், அட்டவணைகள் இன்னொன்றில், ஒவ்வொரு வரிக்கும் இலக்கம், காற்புள்ளி எங்கே அரைப்புள்ளி எங்கே என்பதற்குத் தனியாக ஒரு சட்டம். இத்தனைக்கும் அதற்குக் கையெழுத்துப் பிரதி என்று பெயர். அதில் யாருடைய கையெழுத்தும் கிடையாது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், ஓர் அறையும் குசினியும் மட்டும் உள்ள வீட்டில் இருக்கிறேன். ரயில் போனால் மேசை நடுங்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரைக்கும் என் குரலை நானே கேட்பதில்லை. கீழ்வீட்டு அன்ரி மட்டும் படியடியில் நின்று, "பிள்ளை, மேல இருக்கிறீரோ?" என்று கேட்பார். "ஓம் அன்ரி" என்பேன். அன்றைய பேச்சு அத்தோடு சரி.

அப்படி இருந்தும் என் கட்டுரை முழுவதும் நாங்கள், நாங்கள் என்றே போனது. நாங்கள் அளந்தோம், நாங்கள் கண்டோம், நாங்கள் கருதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைதான். ஆனால் அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்குத் தமிழில்தான் கேட்டது, அதுவும் அவளுடைய குரலில்.

அவளும் நானும் ஒரே துறையில் தற்காலிக விரிவுரையாளர்கள். எங்கள் ஆய்வு மிகவும் எளியது. வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில், கடல் பொங்கும்போது உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். எவ்வளவு தூரம் ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கணக்குப் பிழைத்துவிடும். நான் கடலடியில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் கிருலப்பனையில் சின்னம்மாவின் வீட்டில் இருந்தபடியால் அந்தப் பக்கத்துப் பாலத்தில் நிற்பாள். கையில் கயிறு கட்டிய போத்தல், காதில் போன். "ஒண்டு, ரெண்டு" என்று அவள் எண்ணுவாள். "இப்ப" என்று இருவரும் சேர்ந்து சொல்லிப் போத்தலை விடுவோம். மணிக்கூட்டை விட அந்த 'இப்ப'வைத்தான் நான் நம்பினேன்.

நாடே வரிசையில் நின்ற காலத்திலும் நாங்கள் அதை விடவில்லை. பெற்றோல் இல்லை என்றால் நடந்து போனோம். பாலத்தடி ஆட்டோக்காரர்கள் எங்களுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்க ஒரு படிவம் வரும். இருவரும் ஒரே மேசையில் இருந்து நிரப்புவோம். நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம், தற்காலிக முகவரி என்று ஒரு கட்டம். வெள்ளவத்தைத் தமிழரில் பாதிப்பேர் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம்: நிரந்தரத்துக்கு யாழ்ப்பாணத்து முகவரி, தற்காலிகத்துக்குக் கொழும்பு. அவளுடைய யாழ்ப்பாணத்து வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். என்னுடையதில் கூரையே இல்லை. "நிரந்தரமா ஒருத்தரும் இல்லாத இடம்" என்று சொல்லி அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அதையே எழுதுவாள்.

பிறகு ஓர் ஆண்டு அவளுக்குப் படிவம் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. அவள் கனடாவுக்குப் போனாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். கட்டுரை ஒரு நல்ல ஆய்விதழில் வரட்டும், அவளுடைய பெயர் முதலாவதாக வரட்டும், அதைக் காட்டி இங்கே ஒரு நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம், அவள் வந்துவிடுவாள். இதுதான் என் திட்டம். உப்புத்தண்ணீரைப் பற்றி உலகத்துக்கு அறிவிக்க எனக்கு அப்படி ஒன்றும் அவசரம் இருக்கவில்லை. அவள் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

ஆய்விதழின் இணையத்தில் கட்டுரை அனுப்பும் பக்கத்தில், அவளுடைய பெயருக்கு நேரே ஒரு கட்டம் நின்றது: நிறுவனம். அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. என்ன போடட்டும் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல்பதிவாகப் பதில் வந்தது.

"என்ர பேரை எடுத்துவிடு. நான் இப்ப எந்த நிறுவனத்தில இருக்கிறன் எண்டு போடப்போறாய்? பெட்டிக்கு டேப் ஒட்டுற இடத்தையோ?"

வேலை நடந்த இடத்தைத்தான் போட வேண்டும், இப்போது இருக்கிற இடத்தை அல்ல, அதுதான் ஆய்விதழின் விதி என்று நான் நீளமாக எழுதினேன். விதியின் படத்தையும் எடுத்து அனுப்பினேன்.

"விடு எண்டு சொல்லுறன். அதைத் திறந்து பாக்கவே எனக்கு நெஞ்சு நோகுது. நீ தனிய அனுப்பு. உனக்காவது உதவட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்காவது உதவட்டுமாம். யார் கேட்டது உதவி? சரி, தனியத்தானே, பார் செய்து காட்டுகிறேன் என்று மேசையில் இருந்தேன். தலைப்புப் பக்கத்தில் அவளுடைய பெயரை அழித்தேன். பிறகு எல்லா நாங்களையும் நான் ஆக்க வேண்டும். செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ளவும் முடியாது. யார் செய்தார் என்பதை நேராக எழுதுங்கள் என்று அந்த ஆய்விதழுக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொன்றாக மாற்ற எனக்குப் பொறுமை இல்லை. 'வீ' (We) என்று வரும் இடமெல்லாம் 'ஐ' (I) என்று மாற்று என்று கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். அதுவும் சொன்னபடி செய்தது. அந்த இரண்டு ஆங்கில எழுத்துகள் எந்தச் சொல்லின் வயிற்றுக்குள் கிடந்தாலும் தோண்டி எடுத்து மாற்றியது. எங்கள் ஊரின் பெயர் ஆங்கிலத்தில் தொடங்குவதே அந்த இரண்டு எழுத்தில்தான். கட்டுரையின் தலைப்பைப் பார்த்தேன். வெள்ளவத்தைக் கால்வாய் இல்லவத்தைக் கால்வாய் ஆகியிருந்தது.

தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். இல்லவத்தை. சிங்களத்தில் வத்தை என்றால் தோட்டம், இது இல்லாத தோட்டம். போனை எடுத்து அவளுக்கு அனுப்பப் படமும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் நான் அவளோடு கோபம் என்பது ஞாபகம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். துக்கத்தை எப்படியும் தனியே விழுங்கிவிடலாம். பகிடி ஒன்று வந்து, அதைச் சொல்ல ஆள் இல்லாமல் இருப்பது பொல்லாத தனிமை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது அந்தப் பகிடியால்தான்.

பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அனுப்பினேன். கால்வாய்ப் பக்கம் காலாற நடந்தேன். பாலத்தடியில் எங்களைத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் நின்றார். "அனித் மிஸ் கோ?" என்றார் சிங்களத்தில். மற்ற மிஸ் எங்கே என்று கேட்கிறார். "ரட கியா" என்றேன், வெளிநாடு போய்விட்டாள். அவர் தலையை ஆட்டினார். யாரைக் கேட்டாலும் இந்த நாட்களில் கிடைக்கும் பதில் அதுதான் என்பதுபோல இருந்தது அந்த ஆட்டல்.

மூன்றாம் வாரம் கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பாய்வுக்குப் போகவே இல்லை. ஆய்விதழ் அலுவலகத்திலேயே யாரோ ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி எழுதியிருந்தார். "செய்முறைப் பகுதியில், 'நான் இரண்டு பாலங்களிலும் ஒரே வேளையில் நின்று மாதிரிகளை எடுத்தேன்' என்று உள்ளது. கட்டுரையாசிரியர் ஒருவரே. இது எவ்வாறு இயன்றது என்பதைத் தயவுசெய்து விளக்கவும்."

நான் எத்தனையோ தரம் வாசித்த வரி அது. காற்புள்ளிகளைக் கூடச் சரிபார்த்திருந்தேன். ஆனால் எனக்குள் அது நாங்கள் என்றே ஓடியிருக்கிறது. எழுத்தில் நான் என்று நிற்பதை என் கண் ஏற்கவே இல்லை.

ஒரு சொல்லும் சேர்க்காமல் அந்தக் கேள்வியை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். அன்றைக்கு இரவு போன் அடித்தது. அவளுக்கு அங்கே காலைத் தேநீர் இடைவேளை. பின்னால் ஏதோ இயந்திரம் கடகடத்தது.

"எடியே, என்னெண்டு ரெண்டு பாலத்திலயும் நிண்டனீ? பறந்தனியோ?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. நான் இல்லவத்தைக் கதையையும் சொன்னேன். அவள் இருமி இருமிச் சிரித்தாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன், ஒரு துளி சத்தமும் வெளியே போய்விடக்கூடாது என்பதுபோல.

"சரி, பேரைப் போடு" என்றாள் கடைசியில். "உன்னை ஆரும் பேய் எண்டு நினைக்கப்படாது."

கட்டுரையை மறுபடி நாங்கள் ஆக்கினேன், இந்த முறை ஒவ்வொரு சொல்லாக. தலைப்புப் பக்கத்தில் அவளுடைய பெயரை முதலாவதாகப் போட்டு, பழைய துறையை அவளுடைய நிறுவனமாகக் காட்டினேன். இடம் மாறிப் போனவர்களுக்கு அடியில் ஒரு குறிப்பு இருக்க வேண்டும். தற்போதைய முகவரி என்றோ நிரந்தர முகவரி என்றோ இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். யோசிக்காமலே தற்போதைய என்றதைத் தெரிந்தெடுத்து, அவளுடைய கனடா முகவரியை எழுதி, பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் அதே இடைவேளையில் எடுத்தாள்.

"எல்லாம் சரி. கீழ ஒண்டு மட்டும் பிழை. தற்போதைய எண்டு ஏன் போட்டனீ?"

"இப்ப அங்கதானே இருக்கிறாய்."

"நிரந்தரம் எண்டு மாத்து."

"நீ வந்த பிறகு அதைத் திரும்ப மாத்தேலாது" என்றேன்.

இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் வரமாட்டனடி. இஞ்ச ஒரு வீடு பாத்திருக்கிறன். சின்னம்மாவையும் கூப்பிடப் போறன். உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமத்தான் பேரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டு நிண்டனான். நீ அந்தக் கட்டுரையில என்ன நினைச்சு வச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்."

நிரந்தரம் என்பது பெரிய சொல் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"உனக்குத்தான் அது பெரிய சொல்லு. எங்கட ஆக்கள் வெள்ளவத்தையில பிறந்து, வளந்து, செத்தும் போகினம். படிவத்தில மட்டும் தற்காலிகம். நான் இன்னொரு ஊரிலயும் அப்பிடி இருக்க மாட்டன்." கொஞ்சம் நிறுத்தி, பழைய பகிடிக் குரலில் சேர்த்தாள்: "நீயும் ஒருக்கா யோசி. கூரை இல்லாத வீட்டை எவ்வளவு காலத்துக்கு எழுதப் போறாய்? உன்ர நிரந்தர முகவரி இல்லவத்தைதான்."

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிய முன்னமே கண் நிறைந்துவிட்டது. திரை மங்கலாகத் தெரிய, தற்போதைய என்பதை அழித்து நிரந்தர என்று என் கையாலேயே எழுதினேன். நல்ல காலம், அவளால் என் முகத்தைப் பார்க்க முடியாது.

"அனுப்பு பொத்தானை நான் இருக்கேக்கயே அமத்து" என்றாள். "ஒண்டு, ரெண்டு..."

"இப்ப" என்று இருவரும் சொன்னோம்.

"சரி, பெல் அடிச்சிட்டுது, வைக்கிறன்" என்றாள். திரையில் நன்றி என்று ஒரு செய்தி வந்தது, கட்டுரையாசிரியர்களுக்கு என்று பன்மையில். ரயில் ஒன்று போனது. மேசை நடுங்கி நின்றது.

அடுத்த மாதம் ஒப்பந்தப் படிவம் வந்தது. மேசையில் தனியே இருந்து நிரப்பினேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் வெள்ளவத்தை என்று எழுதினேன். தற்காலிக முகவரிக்கு எழுத எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.