அப்பாவின் சொகுசு வாழ்க்கை

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் நிப்போன் மொழிப் பாட்டுத்தான் பாட வேண்டும். நான் இங்கிலீஷை மறந்துவிடுவேன் என்று அப்பாவுக்கு ஒரே கவலை. அவர் ரயில்வே கிளார்க். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் கட்டத்தில் அவர் ஒரு சொற்றொடர் எழுதுவார். அடுத்ததில் நான் அகராதி பார்த்துப் பொருள் எழுத வேண்டும். கடைசியில் அதைப் பயன்படுத்தி ஒரு வாக்கியம். எழுதி முடிக்காமல் சாப்பாடு கிடையாது. சாப்பாடு என்ன சாப்பாடு, அவித்த மரவள்ளிக்கிழங்குதான். ஆனாலும் மனிதர் விட்டுக்கொடுக்க மாட்டார். பிடிவாதத்தில் நான் அவர் மகள்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் காட்டுக்குள் போட்ட ரயில்பாதை வேலைக்கு அவரையும் ஏற்றிப் போனார்கள். ஒரு வருடம் போல எந்தத் தகவலும் இல்லை. நான் மட்டும் விடவில்லை. அகராதியைப் புரட்டி, நானே சொற்றொடர் பொறுக்கி, நானே கட்டங்களை நிரப்பினேன்.

ஒருநாள் காலை ஓர் ஆள் வாசலில் வந்து உட்கார்ந்தார். நிற்க முடியவில்லை. கெண்டைக்காலில் சுற்றியிருந்த கந்தலிலிருந்து நாற்றம் வந்தது. அப்பாவோடு சயாமில் இருந்தவராம், நோய் முற்றியதால் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"அண்ணே குடுத்தாரு, அண்ணி. பாப்பாகிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

அப்பாவின் கையெழுத்து. இங்கிலீஷில் ஒரே வரி: 'ஐ ஆம் இன் த லேப் ஆஃப் லக்ஸுரி.' கீழே, பொருளும் வாக்கியமும் எழுதி வை என்று கட்டளை. அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

"என்னடி எழுதியிருக்காரு?" அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"ரொம்ப சொகுசா இருக்காராம்மா. ஒரு குறையும் இல்லையாம்."

அம்மா அந்த ஆளைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"சரி, நல்லா இருக்கட்டும்" என்றாள். வெந்நீர் வைத்து அவர் காலைக் கழுவி, தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள். பானையிலிருந்த கிழங்கு முழுவதையும் அவருக்கே வைத்தாள், என் பங்கையும் சேர்த்து.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அங்கே சோறாகச் சாப்பிடுகிறார், இங்கே என் கிழங்கை யாரோ தின்கிறார். சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன். 'மை ஃபாதர் லிவ்ஸ் இன் த லேப் ஆஃப் லக்ஸுரி' என்று மூன்றாம் கட்டத்தில் கோபத்தோடு எழுதினேன். நோட்டிலேயே ஒரு தாளைக் கிழித்து, அரிசி, சீனி, குளிக்கச் சவர்க்காரம், எனக்கு ஒரு சட்டை என்று பட்டியல் போட்டு, அனுப்பாவிட்டால் இனிமேல் பேச மாட்டேன் என்று முடித்தேன். அம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் யாரும் போனா குடுத்துவிடறேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. கிழங்கு தீர்ந்த வருத்தம் என்று நினைத்தேன்.

யுத்தம் முடிந்தும் அப்பா வரவில்லை. அவர்மேல் நான் கடைசியாகக் காட்டியது கோபம்தான் என்பது இன்றும் என்னைச் சுடுகிறது. பொருளை நான் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அந்த வரியை எழுதியவரும், கால் அழுகி எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தவரும் ஒரே கூலிக் கொட்டகையில் படுத்தவர்கள் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.