விலைக்கு வாங்கிய புடவை

பழைய துணிக்குக் கடை போடப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இன்னா சொல்ற? தெருவுக்குத் தெரு தறி ஓடுற ஊர்ல, ஊராங்க கட்டிக் கழிச்ச துணிய விக்கப் போறியா? அப்புறம் என்னிய எவன் மதிப்பான்?"

எழுபதுகளின் நடுவில் அது. குடியாத்தத்தில் அவர் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தில் பாதி நாள் கரண்ட் இருக்காது. கரண்ட் இருக்கிற நாளில் நூல் இருக்காது. நானும் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் தறி நின்ற வீட்டில் உட்கார்ந்துகொண்டு மதிப்பைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. அதற்குள் இரண்டு வருஷமாக நான் கூடை சுமந்துகொண்டிருந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்குவேன். சேர்கிற மூட்டையை வேலூரில் ஒரு வியாபாரி எடை போட்டு எடுத்துக்கொள்வார். அது பட்டறைகளுக்குப் போகும், எண்ணெய் துடைக்க.

ஒரு நாள் மூட்டையைக் கட்டும்போது ஒரு டெரிகாட்டன் பேண்ட் கையில் வந்தது. பத்துத் தடவைகூடப் போட்டிருக்க மாட்டார்கள். அதன் அடியில் ஒரு மெல்லிய வாயில் புடவை, கொசுவத்தில் மட்டும் சின்னக் கிழிசல். எங்கள் தெருவில் அண்ணனும் தம்பியும் ஒரே பேண்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலூர் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இதையா கிழித்து மிஷின் துடைக்கப் போகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், முன்பு சைக்கிள் கடை இருந்த ஒடுக்கமான அறை கிடைத்தது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டினேன். துணியைத் தரையில் குவிப்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தேன். குவித்துப் போட்டால் காலால் தள்ளிக் கிளறுவார்கள். துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்தால் கையைத் துடைத்துக்கொண்டு தொடுவார்கள். வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "செத்தவங்க துணியா?" சில நேரம் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிடுவேன். பாதிப் பேர் போய்விடுவார்கள். மறைத்து விற்றால் ஒரு நாள் மொத்தப் பேரும் போய்விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஆம்பூர்த் துணிக்கு வேறு ஒரு வேலை உண்டு. தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற பக்கத்து வீட்டுத் துணிகளில் அந்த வாடை ஏறியிருக்கும். அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. மூட்டையை எங்கள் ஊரில் அவிழ்த்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊற வைத்து, மாடியில் இரண்டு நாள் காற்றாட விட்டால்தான் போகும். காலர் உள்ளே சலவைக்காரர் வைத்த மைக்குறி இருக்கும். எந்த வீட்டுத் துணி என்பதை அது சொல்லிவிடும். அதை வெட்டி எடுத்து ஒட்டுப் போடுவேன். ஒரு சாயந்திரம் நான் அப்படித் தைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் என் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினார்.

"இப்டி தைச்சா தழும்பு மாதிரி தெரியும்."

மடிப்புக்குள்ளிருந்து நாலு இழையை உருவி, அதே நெசவில் கோத்து ஓட்டையை மூடினார். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த வேலை அவருடையது. ஆனால் கடைப் பக்கம் ஒரு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆம்பூருக்குப் போவேன். அங்கே தோல் வியாபாரம் செய்கிற ஒரு பெரிய வீடு. அந்த வருஷம் அவர்களுக்குத் தொழில் சரியில்லை. சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று ஊரில் பேச்சு. அந்த வீட்டம்மா ஒரு மதியம் என்னை உள்ளே கூப்பிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தார். எல்லாம் நல்ல துணி. கோட்டு, ஷெர்வானி, கடைசியில் ஒரு பனாரஸ் பட்டு. ரோஜா நிறம், உடம்பு முழுக்க ஜரிகைப் பூ.

"பாத்திரம் வேணாம். காசா குடு," என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இந்த ஊர்ல யார் கண்லயும் படக் கூடாது," என்றார்.

"ஆம்பூர்ல வாங்கினத ஆம்பூர்ல விக்க மாட்டேம்மா. அது என் வழக்கம்."

அவர் தலையை ஆட்டினார். நான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மற்ற எதையும் பார்க்கவில்லை. பனாரஸ் முன்னால் போய் நின்றாள். யார் கட்டியது என்று கேட்கவில்லை. பேரமும் பேசவில்லை. முந்தானையைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "பொண்ணுக்குக் கல்யாணம், தங்கச்சி. நல்லா மடிச்சுக் குடு," என்றாள். இடுப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து வைத்தாள். பட்டு வாங்க வந்தவர்களில் இவ்வளவு சீக்கிரம் முடிவு செய்தவர்களை நான் பார்த்ததில்லை.

அடுத்த செவ்வாய் ஆம்பூருக்குப் போனதும் அந்தப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். உள் கூடத்தில் வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார்.

"நான் உங்கிட்ட இன்னா சொன்னேன்?"

"எதம்மா?"

"அந்தப் பொடவ எங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறவ கைக்கு எப்டிப் போச்சு? பொண்ணு கல்யாணத்துக்குன்னு காட்டியிருக்கா. சமையக்காரம்மா பாத்துட்டு வந்து எங்கிட்டயே சொல்றா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். கொல்லையில் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளின் முகத்தை ஒரு தடவைகூட நான் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கடையில் அடையாளம் தெரிந்திருக்கும். அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"அம்மா, நான் குடியாத்தத்துலதான் வித்தேன். அவங்க அங்க வந்து வாங்கினாங்க. இந்த வீட்ல வேல செய்றவங்கன்னு எனக்குத் தெரியாது."

"சரி, தெரியாம நடந்துபோச்சு. திருப்பி வாங்கிட்டு வா. அந்தப் பொண்ணுக்கு நான் புதுசா பட்டு எடுத்துத் தர்றேன். இதவிட ஜாஸ்தி வெலையில. போதுமா?"

அவர் கெட்டவர் இல்லை. தொழில் இறங்கியதை ஊர் அறியாமல் காப்பாற்றப் பார்த்தார், அவ்வளவுதான். புதுப் பட்டு என்பதும் சும்மா பேச்சு இல்லை, சொன்னால் செய்வார். ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. அந்தத் தெருவில் பாதி வீடு அவர் சொல்லித்தான் எனக்குக் கதவு திறந்தது. ஆனால் காசை வாங்கிக்கொண்டு மடித்துக் கொடுத்த துணியை இன்னொருவருக்காகத் திருப்பிக் கேட்டால், பிறகு நான் கடைக்காரி இல்லை. பெரிய வீட்டுக்கு ஏவல் வேலை செய்கிறவள்.

"அது இப்ப என் பொடவ இல்லம்மா. அவங்களதான் கேக்கணும்."

"நீ கேளு."

"நான் கேக்க மாட்டேம்மா."

"அப்ப இந்தத் தெருவுல இனிமே உனக்கு வேல இல்ல. யோசிச்சுக்கோ."

அதற்குள் கொல்லைக் கதவு பக்கம் நிழல் தட்டியது. அவள்தான். கையெல்லாம் சாம்பல். முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அவங்கள ஏம்மா பேஜார் பண்றீங்க? அவங்க மூட்ட கட்டும்போது நான் பார்த்தேன். கடை எங்கன்னு விசாரிச்சுக்கினு பஸ் ஏறிப் போனது நான்."

"என்னாண்ட கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேனே!" என்றார் வீட்டம்மா. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

"தெரியும்மா. அதனாலதான் கேக்கல." அவள் நிமிர்ந்தாள். "பத்து வருஷமா நீங்க குடுத்ததத்தான் கட்றேன். இப்ப கட்டியிருக்கறதும் நீங்க குடுத்ததுதான். எங்க போனாலும், பெரிய வீட்டுப் பொடவயான்னு கேப்பாங்க. எம் பொண்ணு மணவறையில உக்கார்ற அன்னிக்கி அது எங்க வீட்டுப் பொடவயா இருக்கணும். வெலைக்கு வாங்கினா அது எங்களுதுதானம்மா?"

வீட்டம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஊர் இன்னா பேசும்னு உனக்குத் தெரியாது. துணிய வித்து சாப்பிடறாங்கன்னு பேசும்," என்றார், அவளைப் பார்க்காமல்.

"எங்க வாங்கினேன்னு யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எம் பொண்ணு கட்டாம இருக்க மாட்டா."

கல்யாணத்துக்கு நானும் போனேன். மணப்பெண் அந்த ரோஜா நிறப் பட்டைத்தான் கட்டியிருந்தாள். கொசுவத்தில் இழை விட்டிருந்த இடத்தை, விற்பதற்கு முன்பே என் கணவர் சரி செய்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தேட வேண்டியிருந்தது. பெரிய வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

மறுவாரமே மணப்பெண்ணின் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கும் சொன்னபடியே ஆயிற்று. செவ்வாய்க்கிழமை கூடையோடு போனால் ஒவ்வொரு வீட்டிலும், "இன்னிக்கி ஒண்ணும் இல்லம்மா," என்று கதவுக்குப் பின்னாலிருந்தே குரல் வரும். இரண்டு மாதத்தில் கடைக் கயிற்றில் பாதி காலியாகிவிட்டது.

வேறு இடம் தேடினேன். அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருக்கிறது, மாற்றலாகிப் போகிறவர்கள் மூட்டையைக் குறைக்கத் துணியைத் தள்ளிவிடுவார்கள் என்று ரயிலில் ஒருவர் பேசிக்கொண்டு வந்தது காதில் விழுந்தது. போய்ப் பார்த்தேன். உண்மைதான். வாரத்துக்கு ஒரு வீடாவது காலியாகிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே யார் எப்போது போகிறார்கள் என்று வீடு வீடாக விசாரிக்க வேண்டும். ஒருத்தியால் முடியாது. கடையையும் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆம்பூருக்குப் போய் அவளைத் தேடிக் கண்டுபிடித்தேன். என்னால் வேலை போயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"உன்னால இல்ல, தங்கச்சி. நான் தெரிஞ்சுதான் வாங்கினேன். இப்ப இன்னா, வேலைக்கு ஆள் வேணுமா?"

"வேலைக்கு இல்லக்கா. கூட்டு. நீங்க வாங்கிட்டு வாங்க, நான் விக்கிறேன். வர்றதுல சரிபாதி."

"எனக்குத் துணி பாக்கத் தெரியும். பேரம் பேசத் தெரியாதே."

"அதான் எங்கடையில நீங்க பேரமே பேசலியா?"

"அது எம் பொண்ணு கல்யாணம். அதுல போய் பேரம் பேசுவாங்களா?" என்று சிரித்தாள்.

அரக்கோணத்துக்கு முதல் தடவை இருவரும் சேர்ந்தே போனோம். நான் பழக்கதோஷத்தில் ஒரு வீட்டின் பின்பக்கமாகச் சுற்றிப் போகத் திரும்பினேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "எங்க போற? நாம கேக்க வர்ல. வாங்க வந்திருக்கோம்," என்று சொல்லிவிட்டு முன்கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், குரல் கொடுத்தாள். நானும் பின்னால் போனேன். ரயில்வே கார்டு ஒருவர் வீட்டில் கம்பளிக் கோட்டுகளும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளும் கிடைத்தன. அன்றைக்கு ரயிலில் மூட்டைகளின் மேல்தான் உட்கார்ந்து வந்தோம்.

எண்பதுகளில் கடையை இரண்டு அறையாக்கினோம். என் கணவர் தறியை விட்டுவிட்டு உள்ளே ஒரு மேஜை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்பூரில் ஒவ்வொரு வீடாக மறுபடி திறந்தது. அவள் போய்க் கூப்பிட்டுத்தான் திறந்தது. பெரிய வீடு மட்டும் திறக்கவில்லை. நாங்களும் போய்க் கேட்கவில்லை. அவர்களுக்குத் தொழில் தேறிவிட்டதாகக் கேள்விப்பட்டபோது அவள்தான் முதலில் சந்தோஷப்பட்டாள்.