ஆறிய பிறகு போடவும்

பிலோமினா பதுளை ஆஸ்பத்திரியில் காலமான செய்தி வந்த காலையில், ஒரு பிஸ்கட் டின்னில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்று அவள் மகள் ரீட்டா தொலைபேசியில் அழுதாள். வரும் ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிலோமினாவிடம் படித்துக் காட்டத்தான் அந்த டின்னை எடுத்து வைத்திருந்தேன்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். அவள் நினைவுமலரில் இதை வாசிக்கும் உங்களில் பலரைத் தொட்டிலில் ஆட்டியவள். பிலோமினா ஓய்வு பெற்ற பிறகு, பண்டாரவளையில் ஒரு விடுதியில் வேலை செய்யும் ரீட்டா ஒரு ஜாம் போத்தலில் கொம்புச்சாத் தாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். தயிருக்கு உறைமோர் மாதிரி அது; வழுவழுப்பான வெள்ளை வட்டம். சீனி கரைத்த தேத்தண்ணீரில் அதை மிதக்கவிட்டுத் துணியால் வாய் கட்டிப் பத்து நாள் வைத்தால், தேத்தண்ணீர் புளித்து நுரைக்கும். பிலோமினாவின் அடுப்படி மூலையில் அப்படி நான்கு போத்தல்கள் இருந்தன. யாராவது தொட்டால், "தூங்குற பிள்ளைய அசைக்காதீங்க" என்பாள்.

பக்கத்து லயத்து வீட்டு மைக்கேல் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னா தங்கச்சி, கசிப்புச் சாராயம் காய்ச்சுறியா?" என்று கேட்டான்.

"கசிப்பா இருந்தா நீங்க நேத்தே வந்திருப்பீங்களே அண்ணே!"

எனக்கும் அரைக் கிளாஸ் தந்தாள். ஆயுசெல்லாம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவன் நான். அந்தப் புளிப்பும் மணமும் தேயிலைக்குள் இருந்தன என்று நம்ப முடியவில்லை. எனக்கும் ஒரு தாய் வேண்டும் என்று கேட்டேன். போத்தலில் போட்டு, வெளியே ஒரு சீட்டும் ஒட்டிக் கொடுத்தாள்.

"இதுல இருக்க மாதிரி செய்யுங்க அண்ணே."

தலையாட்டினேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை எழுபத்திரண்டு வயது வரை தலையாட்டியே மறைத்துவந்தேன். தேத்தண்ணீரை ஆறவைக்கும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. கொதிக்கக் கொதிக்கத் தாயின்மேல் ஊற்றினேன். பத்தாம் நாள் பூஞ்சணம்தான் பூத்திருந்தது.

போத்தலைத் தூக்கிக்கொண்டு போனேன். "ஆறிய பிறகு போடவும்னு எழுதித்தானே..." என்று ஆரம்பித்த பிலோமினா, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் ரீட்டா நின்றாள். "சீட்டு நனைஞ்சு அழிஞ்சிருக்கும்" என்று அவளிடம் சொல்லிவிட்டாள். சீட்டு நனையவே இல்லை.

ரீட்டா போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க. நீங்களா ஒரு சீட்டு வாசிக்கிற அன்னைக்குத் தாய் தாறேன். இப்பவே தந்தா திரும்பவும் அவிச்சிருவீங்க."

"இந்த வயசிலயா?" என்றேன்.

"பல்லு முளைக்காததுகளையே சமாளிச்சவ நான். பல்லு விழுந்த ஆளு என்னா பெரிய வேலை!"

ஒரு வருடத்துக்கு மேல் போனேன். 'ழ'வை நான் எழுதினால் நத்தைபோல இருக்கும். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். நான் படிப்பதை அவள் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முழுச் சீட்டை நான் வாசிப்பதற்குள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அடக்கம் முடிந்ததும், சாவு வீட்டில் இருந்த தண்ணீரையும் சோறு கறியையும் பெண்கள் வழக்கப்படி வெளியே கொட்டினார்கள். கொஸ்லந்தையிலிருந்து வந்த அவளுடைய நாத்தனார், புளித்த போத்தல்களையும் கழிவுநீர்க் கானில் ஊற்றத் தொடங்கினார். நான் போய்ச் சேர்வதற்குள் மூன்று போய்விட்டன. நான்காவதில் ஒரு சீட்டு தெரிந்தது.

"கொஞ்சம் பொறுங்கம்மா. அதுல என்னமோ எழுதியிருக்கு."

"எனக்குக் கண்ணாடி இல்லைங்க. நீங்களே வாசிங்க" என்று போத்தலை என் பக்கம் திருப்பினார்.

முற்றம் நிறைய ஆட்கள். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சவரிமுத்து அண்ணனுக்கு. ஆறிய பிறகு போடவும்."

"சவரிமுத்து யாருங்க?" என்றார்.

"நான்தாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் வாசித்துக் காட்டாமலேயே, வாசிப்பேன் என்று நம்பியிருக்கிறாள்.

அந்தச் சீட்டு என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. தாய் என் அடுப்படியில் இருக்கிறது. அதன்மேல் புதிதாக இன்னொரு தாய்ப் படலம் படிந்துவிட்டது. பிலோமினாவை நினைத்து யாருக்காவது வேண்டுமானால் வாருங்கள், பிரித்துத் தருகிறேன். சீட்டையும் நானே எழுதி ஒட்டித் தருவேன். அதற்கு மட்டும் நீங்கள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.