நான் லேபள் சொரண்டின கேன்

பெட்ரோலுக்கும் மண்ணெண்ணைக்கும் சனம் நாள் முழுக்க வரிசையில நின்னிச்சே, அந்த வருசந்தான் இது நடந்தது. எங்க தேயிலத் தோட்டத்துல, வரிசையா ஒட்டிக்கட்டின லயத்து வீட்டுலயெல்லாம் காஸ் அடுப்பு மூலைக்குப் போயி, வெறகு அடுப்பு திரும்பி வந்திருச்சி. பொகையில எல்லாருக்கும் கண்ணு செவந்து... சரி, அது வேற கத.

நான் தோட்டத்துல வாசக்கூட்டி. லயத்து வாசலு, தண்ணி ஓடுற கானு, கக்கூசு எல்லாம் கூட்டி அள்ளுற வேல. முப்பது வருசத்துக்கு மேல பாத்தேன். அப்ப குப்பையெல்லாம் கானுலதான் போடுவாங்க. மழ வந்தா பொலித்தீன் அடைச்சி, தண்ணி வீட்டுக்குள்ள ஏறும். வேலைய விட்டு நின்னப்புறம் தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டு, மூடிக்கெடந்த புள்ளக்காம்பராவ வாங்குனேன். கொழுந்தெடுக்கப் போற தாய்மாரு முந்தி கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போன எடம் அது. அங்க போத்தல் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம், பொலித்தீன் ஒரு பக்கம்னு பிரிச்சி வைப்பேன். சனிக்கிழம வட்டவளையில இருந்து பழைய சாமான் வாங்குற முஸ்லிம் நானா லொறியில வந்து ஏத்திக்கிட்டுப் போவாரு. அடுத்த மழைக்குக் கானு அடைக்கல. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அந்த சந்தோசத்துலதான் புத்தி கெட்டுப்போச்சி. தோட்டத்து ஸ்டோருல, களைக்கு அடிக்கிற புல்லு மருந்து வந்த வெத்து கேனு எட்டு கெடந்திச்சி. நாங்க தண்ணி புடிக்கிற பீலியில தண்ணி நூலா வந்த நேரம். புது கேன் வாங்க யாருக்கு வசதி? ஏழு கேன சவுக்காரத் தூள் போட்டு மூணு தரம் கழுவுனேன். அழகா இருக்கட்டும்னு லேபளையும் சொரண்டி எடுத்துட்டு, எங்க லயத்து ஏழு வீட்டுக்கும் ஒண்ணு ஒண்ணா குடுத்தேன். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, கழுவுனா மருந்து போயிரும்னு நெனச்சேன்.

வாசக்கூட்டிய வாசலோட நிப்பாட்டுற சனம் அன்னைக்கி உள்ள கூப்பிட்டு ஒக்கார வச்சி தேத்தண்ணி குடுத்திச்சி. அந்தக் கேன் தண்ணியிலதான் ஊத்துனாங்க. நானும் குடிச்சேன்.

சனிக்கிழம நானா கேட்டாரு, "ஐயா, மருந்து கேன் எட்டு செல்லினீங்களே, ஒண்ணுதானே ஈக்கிது?"

"கழுவி லயத்துக்குக் குடுத்துட்டேன் நானா, தண்ணி புடிக்க."

"யா அல்லாஹ்! நஞ்சு கேன் அது!"

கழுவாத அந்த ஒரு கேனத் தூக்கிக்கிட்டு, அந்தப் பாரமான மனுசன் படியில ஏறி ஓடுனாரு. நானும் பின்னால. மொத வீடு செல்வி வீடு.

"குடுக்கிறதையும் குடுத்துட்டு இப்ப புடுங்க வந்தீங்களா தாத்தா? நானா நல்ல வெல சொல்லிட்டாரோ?"

நானா கையிலிருந்த கேன திருப்பிக் காட்டுனாரு. லேபள்ல மண்டையோடு.

"எங்க கேன்ல அப்பிடி ஒண்ணும் இல்லையே?"

"இருந்திச்சும்மா. நாந்தான் சொரண்டிட்டேன்."

செல்வி மொகம் மாறிருச்சி. "தாத்தா... பாப்பா நேத்துல இருந்து வாந்தி எடுக்கிறா. மாங்கா தின்னதுலன்னு நெனச்சேன்."

நானா ஏத்தின சாமானையெல்லாம் ரோட்டோரமா எறக்கிப் போட்டுட்டு, தாயையும் புள்ளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. நான் மத்த ஆறு வீட்டுக்கும் போயி, "என் தப்பு, தண்ணியக் கீழ ஊத்திருங்க"ன்னு சொல்லி சொல்லி கேன வாங்குனேன். ஏச்சு வாங்குனேன். வாங்கத்தானே வேணும்.

ரெண்டு நாளு வார்டுல வச்சிருந்தாங்க. புள்ள பொழச்சி வந்திருச்சி. என்னத்தால வந்த வாந்தின்னு டாக்டருக்கு உறுதியா சொல்ல முடியல. அந்தத் தண்ணிய நிப்பாட்டினது நல்லதுன்னாரு. அடுத்த சனி நானா ஏழு எண்ணக் கேன் கொண்டாந்தாரு, தேங்கா எண்ண இருந்தது. வீட்டு வீட்டுக்கு அவரே குடுத்தாரு. அந்த மனுசன் நல்லாருக்கணும்.

இப்ப செல்விதான் புள்ளக்காம்பராவுல என்கூட பிரிக்கிறா. மருந்து கேன் வந்தா அவ கைக்குத்தான் போகும். கழுவி, அடியில மூணு ஆணி ஓட்ட போட்டு, தனியா கட்டி வைப்பா. அடிக்கும்போது என்னைப் பாத்து, "தாத்தா, இதுல தண்ணி புடிக்கிறீங்களா?"ன்னு சிரிப்பா. அந்தச் சிரிப்ப எனக்குக் குடுத்ததே பெருசு. தேத்தண்ணி இன்னும் உள்ள கூப்பிட்டுத்தான் குடுக்கிறா.

நீங்க எந்தத் தோட்டமோ, எந்த லயமோ. குப்பையப் பிரிங்க, நல்ல வேல அது. ஆனா மருந்து கேன் லேபளச் சொரண்டாதீங்க, ஓட்ட போடாம வெளிய விடாதீங்க. எழுத்து தெரியாத ஆள் ஒருத்தர் பக்கத்துல இருப்பாரு. அவருகிட்ட இது நஞ்சுன்னு வாயால சொல்லிருங்க.