பிரிட்ஜ்வாட்டர் தயிரும் டெல்ஃபினாவின் கிண்ணமும்

மழைக்காட்டுக்குள் வள்ளத்தில் ஆட்களைக் கூட்டிப்போகிற தொழிலில் ஆற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு குடும்பத்தை ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு நயாகரா போய்த் திரும்பியவர்கள் மேற்கொண்டு படியுங்கள். நீங்களும் நானும் ஒரே கட்சி.

கடலோரத் தகுதி

கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பார்சிப்பனிக்கு வந்து நாலு வருடம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வருடத்தில் நான் போகாத பர்த்டே பார்ட்டி இல்லை. கிரீன் கார்டு பாதி வழி வந்ததும் வொர்க் பெர்மிட் கிடைத்தது. அதைக் கையில் வாங்கியபோது, எந்த வேலையாக இருந்தாலும் சரி, இனி வீட்டில் உட்காரமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன்.

அப்போதுதான் ஹாரி என்பவர் ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார். பேகல் ரொட்டிக் கடைக்கு மேலே இரண்டு அறை. அதுதான் அவர் டிராவல் ஆபீஸ். ஈக்வடார் நாட்டில் அமேசான் காட்டுக்குள் வள்ளப் பயணம், நடுவில் அங்கே காலங்காலமாக இருக்கும் கிச்சுவா மக்களின் ஊரில் விருந்து. ஊரெல்லாம் இந்தியர்கள் குடிவந்துவிட்டார்களே, அவர்களைக் கூட்டிப்போக ஓர் இந்தியர் வேண்டும் என்பது அவர் கணக்கு. என் பயோடேட்டாவில் தூத்துக்குடி என்று இருந்ததைப் பார்த்து, "துறைமுகமா? அப்போ படகெல்லாம் பழக்கம்தான்" என்றார். நான் தலையாட்டினேன். அப்பா பேங்க் கிளார்க். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வள்ளத்தில் ஏறி, கரை மறைவதற்குள் வாந்தியெடுத்தவள்.

பயிற்சிக்காக என்னை மட்டும் முதலில் ஈக்வடாருக்கு அனுப்பினார். அங்கே எங்கள் வழிகாட்டி வில்சன். அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த கிச்சுவா இளைஞன், நல்ல ஆங்கிலம் பேசுவான். நான் வள்ளத்துக்குள் கால் வைத்ததும் அது ஒரு ஆட்டம் ஆடியது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன், சட்டைப் பொத்தான் மூன்றும் ஆற்றில் போயின. வில்சன் கோபப்படவே இல்லை. மரியாதையாகக் கேட்டான்: "உங்க ஊர்லேர்ந்து கடல் ரொம்பத் தூரமோ?"

ஆஃபீஷியல் எடை

முதல் குழுவில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதில் மூன்று பேரை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். பிரிட்ஜ்வாட்டர் வைதேகி ஆன்ட்டி; பல் டாக்டர். அவர் கணவர் நரசிம்மன் அங்கிள். கெமிக்கல் இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்புறம் ஜமால் பாய். பார்சிப்பனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார், சொந்த ஊர் கீழக்கரை. படகைப் பற்றி என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர். அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் என் மானத்தைக் காப்பாற்றினார்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து ஏரியில் ஒத்திகை. இரண்டு பக்கமும் பாரம் சரியாக இருந்தால்தான் வள்ளம் நேராக நிற்கும். அதற்காக ஃபாரத்தில் எடை எழுதச் சொல்லியிருந்தேன். பெண்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அங்கிள் மட்டும் எழுதியிருந்தார். அதை நம்பி அவரை ஓரத்தில் உட்காரவைத்தேன். வள்ளம் அந்தப் பக்கமாகவே சாய்ந்து நின்றது. எடை சரியா அங்கிள் என்று கேட்டேன். எழுபதுகளில் கிரீன் கார்டு மெடிக்கலில் எடுத்த எடையாம். துளிக்கூடக் கூச்சப்படாமல் சொன்னார்: "அதும்மா ஆஃபீஷியல் வெயிட். ரெக்கார்ட்ல அதுதான் இருக்கு."

எல்லோருக்கும் ஒரே ஜக்கு

அதே ஒத்திகையில்தான் இன்னொன்றும் நடந்தது. ஹாரி ஒரு ஜக்கு தண்ணீர் மட்டும் கொண்டு வந்திருந்தார், தம்ளர் மறந்துவிட்டார். அவர் வாய் வைத்துக் குடித்துவிட்டு ஆன்ட்டியிடம் நீட்டினார். ஆன்ட்டி கைக்குட்டையால் விளிம்பைத் துடைத்து, தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து சொட்டுச் சிந்தாமல் வாய்க்குள் ஊற்றிக்கொண்டார். கூட இருந்த அங்கிள், "நான் ஒரு வாய் குடிச்ச காபியைக்கூடத் தொடமாட்டா. பத்து, எச்சல் எல்லாம் அவளுக்கு ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று என் காதில் பெருமையாகச் சொன்னார்.

ஹாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாங்கள் போகப்போகிற ஊர் அதுவரை வெளியாட்களைச் சேர்த்ததில்லை. ஒரு குழு வரட்டும், பார்த்துவிட்டு ஊர்க்கூட்டத்தில் முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்கு வருகிறவர்கள், வீட்டுக்காரர் நீட்டுகிற கிண்ணத்தை வாங்கிக் குடிக்க வேண்டும், திருப்பித் தரக்கூடாது. ஹாரி ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா இந்த டிரிப்பும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல, ரோஸ்லின்."

மெடிசின்

ஆளுக்கு ஒரு சின்னப் பை, அவ்வளவுதான் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நம்மவர்கள் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். ஏர்போர்ட்டில் பார்த்தால் ஆளுக்கு ஒரு சின்னப் பையும், மடியில் இன்னொரு சின்னப் பையும், தோளில் அதைவிடச் சின்னதாக ஒன்றும் இருந்தன.

ஆன்ட்டியின் தோள்பையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்கு மூன்று பிளாஸ்டிக் கவர், மேலே ரப்பர் பேண்ட். உள்ளே உறைமோர். கூடவே இரண்டு பொட்டலம் பால்பவுடர். இருபது வருடமாக உறை மாறாமல் வருகிற தயிராம். வீடு மாறியபோது அவர்களோடு சேர்ந்து அதுவும் ஒஹையோவிலிருந்து நியூ ஜெர்சிக்குக் குடிவந்ததாம். ஈக்வடாரில் இறங்கியதும் அதிகாரி டப்பாவைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தார். அவர் மூக்கு சுருங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் ஆன்ட்டி நிமிர்ந்து நின்று சொன்னார்: "மெடிசின். ஐ ஆம் எ டாக்டர்."

நேட்டிவ் பிளேஸ்

வள்ளத்தில் மூன்று மணி நேரம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் இரண்டு தடவை. ஊர் வந்ததும் டெல்ஃபினா என்ற பெண்மணியின் வீட்டில் உட்காரவைத்தார்கள். நாற்பது வயதிருக்கும், கண்ணிலேயே சிரிப்பு இருக்கும். சுற்றிலும் ஊரார், நாளைக்கு எங்களைப் பற்றி முடிவு சொல்லப்போகிறவர்கள். இந்த நேரத்தில் யாரும் எதுவும் கேட்டுவைக்கக் கூடாதே என்று வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டேன்.

மாதா கேட்பதற்குள் அங்கிள் கேட்டுவிட்டார். "நேட்டிவ் பிளேஸ் எது?" வில்சன் மொழிபெயர்த்தான். இதுதான் என்றார் டெல்ஃபினா. "இல்லம்மா, அப்பாவோட நேட்டிவ்?" இதுதான். "தாத்தாவோடது?" டெல்ஃபினா யோசித்து, ஆற்றின் அடுத்த வளைவைக் காட்டினார். அங்கிளுக்கு முகமெல்லாம் பல். "அப்படிச் சொல்லுங்கோ! அங்கேருந்து மைக்ரேட் ஆனவா!" என்றார்.

டெல்ஃபினா விடவில்லை, உங்கள் ஊர் எது என்று திருப்பிக் கேட்டார். இப்போது பிரிட்ஜ்வாட்டர், அதற்கு முன்னால் ஒஹையோ, அதற்கு முன்னால் பம்பாய், பிறந்தது கும்பகோணம், ஆனால் நேட்டிவ் என்றால் திருவையாறு பக்கம் ஒரு கிராமம், அதைப் பார்த்ததில்லை என்று அங்கிள் அடுக்கினார். வில்சன் விரல்விட்டு எண்ணி எண்ணிச் சொன்னான். டெல்ஃபினா எங்கள் எல்லோரையும் பாவமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத்தனை ஊர் வெச்சிருக்கிறவங்க, இன்னொரு ஊரைத் தேடிக்கிட்டு ஏன் இவ்வளவு தூரம் வந்தாங்க?"

கிண்ணம்

அன்று காலை வள்ளத்திலேயே வில்சன் என்னிடம் விவரம் சொல்லியிருந்தான். கொடுக்கப்போவது மரவள்ளிக் கிழங்கில் செய்த பானம். ஜமால் பாய் கேட்டுக்கொண்டபடி புளிக்கவிடாமல் புதிதாகச் செய்யச் சொல்லிவிட்டான், போதை துளியும் கிடையாது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். கிழங்கை வேகவைத்து மசித்து, வீட்டுப் பெண்கள் அதில் கொஞ்சத்தை வாயில் போட்டு மென்று திரும்பவும் பானையில் சேர்ப்பார்கள், அதனால்தான் அந்த இனிப்பு என்றான். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தேன். ஆன்ட்டி எவர்சில்வர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கிளிகளை ரசித்துக்கொண்டிருந்தார்.

டெல்ஃபினா மெல்லிசான மண்கிண்ணத்தில் மொண்டு, நேராக ஆன்ட்டியிடம் நீட்டினார். ஊரே பார்த்தது. சொல்லாமல் விட்டால் வேலை இருக்கும். சொன்னால் நாளையிலிருந்து திரும்பவும் பர்த்டே பார்ட்டிதான். ஆனால் இருபது வருடம் உறைமோரைக் காப்பாற்றி வைத்திருக்கிற ஒரு பெண்ணைத் தெரியாமல் குடிக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. தமிழில் சொன்னேன்: "ஆன்ட்டி, இது வாயில போட்டு மென்னு செய்யுறது. வேண்டாம்னா வெச்சிருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

கிண்ணம் அந்தரத்தில் நின்றது. "யார் மென்னா?" என்றார் ஆன்ட்டி. டெல்ஃபினாவைக் காட்டினேன். ஆன்ட்டி அவரை உற்றுப் பார்த்தார். பார்ப்பது தன்னைத்தான் என்று தெரிந்து டெல்ஃபினா வாய்நிறையச் சிரித்தார். ஆன்ட்டி இடது பக்கம் ஒரு பார்வை, வலது பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஒரு கேவிட்டி கிடையாது. பிரிட்ஜ்வாட்டர்ல இப்படி ஒரு பல்லை நான் பார்த்ததில்லே" என்றார். பிறகு தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டார்.

ஊர் மொத்தமும் வாயைப் பிளந்தது. குழந்தைகள் ஓடிவந்து தண்ணீரை எடுத்து அதேபோல் ஊற்றிப் பார்த்து, மூக்கில் ஏற்றிக்கொண்டு தும்மினார்கள். டெல்ஃபினா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் கிண்ணத்தில் உதடு படவில்லை என்று வில்சன் வழியாகக் கேட்டார். என் வேலை போன மாதிரிதான் என்று நினைத்தேன். "அவங்க வாய் பட்டு, அடுத்து குடிக்கிறவங்களுக்குக் கிண்ணம் எச்சில் ஆகிடக்கூடாதுன்னு" என்றேன். உண்மையும் அதுதானே. வில்சன் சொன்னான். டெல்ஃபினா பானையையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் வாய் நிறைய மென்னு செஞ்சு வெச்சிருக்கேன், இவங்க உதட்டு நுனியைப் பத்திக் கவலைப்படுறாங்களா?"

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஆன்ட்டி முகம் சிவந்தது, அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிண்ணத்தைத் திரும்ப வாங்கி, விளிம்பில் உதடு பொருந்த வைத்து, ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஜமால் பாயிடம் கொடுத்தார். அவர் பிஸ்மில்லா சொல்லிக் குடித்து அடுத்தவரிடம் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. பக்கத்தில் அங்கிளும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் துக்கம் வேறு. "முப்பது வருஷமா என் காபிக்கு மட்டும் என்னம்மா குறைச்சல்?"

தீர்ப்பு

வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டாமா? அன்று இரவே ஆன்ட்டி டப்பாவைத் திறந்து, முந்தின நாள் பால்பவுடரைக் கரைத்துத் தானே உறையூற்றிய தயிரில் இரண்டு கரண்டி எடுத்து டெல்ஃபினாவின் கிண்ணத்தில் வைத்தார். அந்தப் புழுக்கத்தில் அது புளிப்புக்கு மேலேயே புளித்திருந்தது. டெல்ஃபினா வாயில் வைத்தார். கண்ணை மூடினார். விழுங்குகிறவரைக்கும் திறக்கவே இல்லை. கொடுத்ததைத் திருப்பித் தரக்கூடாது என்ற கட்டுப்பாடு எங்களுக்கு மட்டும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் ஊர்க்கூட்டம் முடிந்து வில்சன் ஆற்றங்கரைக்கு வந்தான். நான் ஏற்கெனவே வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது ஆற்றுக்குப் பயந்து இல்லை. வில்சன் முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டு, டெல்ஃபினா சொல்லி அனுப்பியதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தான்: "அவங்க எப்ப வேணும்னாலும் வரட்டும். அந்தக் கெட்டுப்போன பால் மட்டும் வர வேண்டாம்."

அதற்கப்புறம் நாலு வருடம் அந்தக் காட்டுக்குப் போய்வந்தும் ஒரு அனகோண்டாவைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் ஏர்போர்ட் வாசலில் நின்றபடியே எந்தப் பையில் உறைமோர் இருக்கிறது என்று மூக்காலேயே கண்டுபிடிக்கிற தகுதி மட்டும் தூத்துக்குடிக்காரிக்கு நிஜமாகவே வந்துவிட்டது.