நஞ்சன்கூடு தாண்டினால் இழுக்காத கார்

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில், எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். எந்தக் கிழமை எங்கே போனோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம், யார் எதைக் கழற்றி மாட்டினார்கள் என்று எல்லாவற்றையும் அதில் எழுதுவேன். அந்த நோட்டை வைத்துத்தான் ஒரு மனிதரைத் திருடன் என்று நிரூபிக்கப் பார்த்தேன்.

என் மனைவிக்கு அப்போது குண்டலுபேட்டை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வாரநாட்களில் அங்கேயே தங்கிவிடுவாள். திங்கட்கிழமை விடிகாலையில் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து நான் ஆபீஸ் போவேன். தசரா முடிந்த பின் ஒரு திங்கட்கிழமை, நஞ்சன்கூட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி திணறத் தொடங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறங்கி, ஒரு புளியமரத்தடியில் நின்றேபோனது.

எனக்கு முதலில் வந்த சந்தேகம் பெட்ரோல் திருட்டு. எங்கள் வண்டியின் பெட்ரோல் முள் வாயில் வந்ததைச் சொல்லும். அதனால் டிக்கியில் ஒரு குச்சி வைத்திருந்தேன். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தேன். பாதி டேங்க் இருந்தது. சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. மூன்றாம் முறை என் மனைவி, "பஸ்ல போயிருந்தா இந்நேரம் டூட்டில இருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

மைசூருக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் என் சந்தேகத்தை வளர்த்தது. நல்ல பெட்ரோல் பம்பை எடுத்துக்கொண்டு, உள்ளூருக்கு மட்டும் தாங்கும் பழைய பம்பை யாரோ மாட்டியிருக்க வேண்டும். நோட்டைப் புரட்டினேன். தசராவுக்கு முந்தின சனிக்கிழமை: "சர்வீஸ். பம்ப் கழற்றிச் சுத்தம். நான் அருகில் இல்லை." கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

மெக்கானிக் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், என் வயதுதான். எங்கள் காலனிக்குப் பின்னால் தகர ஷெட். காலனியின் கார்கள்தாம் அவர் பிழைப்பு. நான் காலனி சங்கத்தின் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஷெட்டைச் சாத்த வேண்டியதுதான். கூட்டத்துக்கு முன் எதிர்வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"நங்கூ அப்பவே டவுட்டு சார். மீட்டிங்ல சொல்லிடுங்க, சும்மா பிடபேடி" என்றார், தனக்கும் சந்தேகம்தான், சும்மா விடாதீர்கள் என்று கன்னடம் கலந்து. அந்த வாரமே தன் காரை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

சனிக்கிழமை மாலை மெக்கானிக் எங்கள் கேட்டில் நின்றார்.

"சார், பம்ப நான் மாத்திப்போட்டேன்னு சொன்னீங்களாமா?"

"கடைசியா உங்க கைதானே பட்டுது."

"சரிங்க. நாளைக்கு மீட்டிங்ல சொல்லுங்க. அதுக்கு முன்னால என்னய ஒருக்கா கூட்டிட்டுப் போங்க. நிக்கற எடத்துலயே பாத்துப்போடறனுங்க."

ஞாயிறு காலை கிளம்பினோம். வழியில் ஏதாவது செய்துவிடுவாரோ என்று அவருடைய டூல்ஸ் பையை என் சீட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அதே புளியமரத்துக்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. அவர் இறங்கவே இல்லை.

"போன தடவ நின்னப்ப என்ன பண்ணுனீங்க?"

"நோட்ல இருக்கு."

"படிங்க."

படித்தேன். "பானெட் திறந்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். டேங்க் மூடி திறந்து குச்சி விட்டேன். பாதி டேங்க். கிளம்பியது."

"அதுக்கு முந்தின தடவ?"

"அதேதான்."

"எதுக்குங்க குச்சி?"

"பெட்ரோல் எடுத்துடறாங்களான்னு."

"ஆரு, நானுங்களா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"இன்னைக்கு மூடியத் தொடாம இருக்கலாமுங்க" என்றார். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். சாவியைத் திருப்பினேன். இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. "இப்பத் தெறங்க. நான் கிட்ட வல்லீங்க, நீங்களே தெறங்க."

மூடியைத் திருகியதும் 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனது. அந்தச் சத்தத்தை மூன்று வாரமும் கேட்டிருக்கிறேன், நோட்டில் எழுதவில்லை. திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

என் நோட்டில் ரசீதுகளைக் குத்தியிருந்த குண்டூசியைக் கேட்டு வாங்கினார். மூடியின் நடுவில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஓர் ஓட்டை. ஊசியால் குத்தியதும் மஞ்சள் பொருக்கு உதிர்ந்தது; அதன் தலையில் சிவப்பு.

"சந்தனமுங்க. மேல குங்குமம். பெட்ரோலு போகப் போக உள்ள காத்து வரோணுமில்லீங்களா? ஓட்டய அடைச்சுப்புட்டா பம்பு எங்கிருந்து இழுக்கும்? டவுனுக்குள்ள ரெண்டு மைலுக்குத் தெரியாதுங்க."

ஆயுத பூஜையன்று ஸ்டியரிங், பானெட், நான்கு கதவு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பவன் நான்தான். அந்த வருஷம், வண்டிக்குச் சோறு போகிற வாயாயிற்றே என்று டேங்க் மூடிக்கும் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். நோட்டைப் புரட்டினேன். சனிக்கிழமை சர்வீஸ். சில வரி தள்ளி, முதல்முறை நின்ற திங்கட்கிழமை. நடுவில் பூஜை இல்லை.

அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "நீங்க பண்ணுனத எழுத மாட்டீங்களாட்ட இருக்குது. என்னுதுன்னா ரெண்டு கோடு போடறீங்க."

அன்று மாலைக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று மினிட்ஸிலும் எழுதினேன். முடிந்து வரும்போது எதிர்வீட்டுக்காரர் கேட்டில் நிறுத்தினார்.

"ரோட்டுல அவனே எதையோ செஞ்சுட்டு சந்தனம்னுட்டான் சார்."

"மூடியத் திறந்தது நான்."

"குண்டூசி யாருது?"

"என்னுதுதான்."

"ஆனாலும்..." என்று இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருடைய கார் அந்த ஷெட்டுக்குத் திரும்பவே இல்லை. நான் கிளப்பிய சந்தேகத்தை என்னாலேயே அவரிடமிருந்து திரும்ப வாங்க முடியவில்லை.

நான் அங்கேதான் தொடர்ந்து போனேன். போனால் மெக்கானிக் முதலில் ஒரு ஸ்டூலைத் துடைத்து என்ஜினுக்குப் பக்கத்தில் போடுவார். "உக்காருங்க சார். நோட்டு கொண்டாந்தீங்களா?" நான் உட்கார்ந்து பேனாவைத் திறக்கும்வரை பானெட்டில் கை வைக்கமாட்டார். அந்தக் காரை விற்கும்வரை அப்படித்தான் நடந்தது.