நனையாத கித்தான்

புதுக் கித்தானுக்கு ஒரு வாசனை உண்டு. ரேஷன் கடைக் கோணியும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல மூக்கை அரிக்கிற அந்த வாசனை, ஒரு வருஷம் ஆனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் பதினைந்து நாள் குடியிருந்தது. சோற்றிலும் அடித்தது, என் பள்ளிக்கூடப் பாவாடையிலும் அடித்தது. இன்றைக்கும் ஏதாவது கடை வாசலில் அது வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

எங்கள் ஊருக்கும் புத்தூருக்கும் நடுவே நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ஷேர் ஜீப் ஓட்டினார். என்னைவிட வயதான வண்டி. பட்டாளத்தில் கழித்துவிட்டது, யார் யார் கையோ மாறி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. கை கால் முறிந்து புத்தூரில் கட்டுப் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், கோழிக்கூடைகள் என்று எட்டுப் பேர் இடத்தில் பதினெட்டுப் பேரை ஏற்றுவார். அந்தக் கோடையின் கடைசிக் காற்றில் புளியங்கிளை ஒன்று ஒடிந்து அதன் "டாப்பு" மேல் விழுந்ததில், வளைவுக் கம்பிகள் கோணிப் போய், கித்தான் கூரை குறுக்கே கிழிந்து தொங்கியது.

அந்த வருஷங்களில்தான் எங்கள் ஊருக்குக் கேபிள் டிவி வந்தது, ஆட்டோக்கள் வந்தன, தெருவுக்கு இரண்டு பேராவது குவைத்துக்குப் போனார்கள். நைனாவின் பாஸ்போர்ட்டும் டிரங்குப் பெட்டியில் தயாராகக் கிடந்தது. ஆனால் அவருக்குப் போக மனசில்லை. "ஆடிக் கிருத்திகைக்குள்ள வண்டி ரோட்டுல ஓடிச்சின்னா நான் இங்கியே கெடக்கறேன். இல்லன்னா ஏஜெண்டுகிட்ட சரின்னு சொல்லிடுவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் போய்விடுவாரோ என்று எனக்கு எந்நேரமும் பயம். இவ்வளவு பயந்தவள் செய்த காரியத்தை இனிமேல் சொல்வதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

திருப்பதியில் குஷன் கடைக்காரர் வண்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாத ஜீப்புலகி மேமு குட்டமு அண்ணா" என்றாராம். பழைய ஜீப்புக்கெல்லாம் இப்போது தைப்பதில்லையாம், ஆட்டோவுக்கு மட்டும்தானாம். நைனா கித்தானை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அம்மா, "நான் தைக்கறேன்" என்றாள். நைனா கம்பிகளைப் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தினார்; கிழிந்த கூரையிலிருந்து பித்தளை வளையங்களையும் கொக்கிகளையும் ஒன்றுவிடாமல் பிரித்தெடுத்தார்.

எந்தத் துணியையும் நனைத்துக் காயவைக்காமல் அம்மா வெட்டமாட்டாள். முதல் தண்ணீருக்குத் துணி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் தையலைப் பிய்க்கும் என்று எனக்கும் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அன்று புத்தூருக்கு ரவிக்கை கொடுக்கக் கிளம்பும்போது, "மாட்டுத் தொட்டியில முழுசா முக்கி, மேல ஏறி நின்னு மிதி. குமிழி வர்றது நிக்கற வரைக்கும் மிதிச்சிக்கினே இருக்கணும். அப்புறமா வேலி மேல விரி" என்றாள்.

கித்தான் என்னைவிடக் கனமாக இருந்தது. எதிர்வீட்டு டிவியில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மடிப்பைக்கூடப் பிரிக்காமல் மேலாக இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி, இழுத்து வேலி மேல் போட்டுவிட்டு ஓடினேன். சாயங்காலம் அம்மா வந்தபோது வெயிலில் எல்லாம் ஒரே மாதிரி காய்ந்திருந்தது.

"நல்லா நனச்சியா?"

"நனச்சேம்மா."

எட்டு நாள் தைத்தாள். மிஷின் ஊசி உடைந்தது. பிறகு கோணி ஊசியை எடுத்துக்கொண்டு, மெழுகு தேய்த்த நூலால் கையாலேயே தைத்தாள். விரலெல்லாம் பிளந்து, குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிட்டாள். கூரையை மாட்டிய அன்று நைனா ஊரை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, "கம்பெனி டாப்பு மாதிரி கீதுமே!" என்று தெருவில் நின்று அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அம்மா வெட்கப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிற காவடிக்காரர்கள் வண்டி நிறைய. நானும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தேன். நகரியைத் தாண்டியதும் மழை கொட்டியது. முதலில் கித்தான் முரசுத் தோல் மாதிரி விறைத்தது. அப்புறம் கண்ணாடி ஓரத்துக் கொக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. நடுத்தையல் நீளத்துக்குப் பிரிந்து, தேங்கிய தண்ணீர் அத்தனையும் காவடிகள் மேல் விழுந்தது. ஜனங்கள் திட்டிக்கொண்டே இறங்கி, பின்னால் வந்த ஆட்டோக்களில் ஏறிப் போனார்கள். நைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஜாக்கெட்டு தைக்கறவ ஜாக்கெட்டையே தச்சிக்கினு இருந்திருக்கணும்" என்றார். அம்மா கிழிந்த தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, "எங்க தப்பு பண்ணேன்னு தெரியலியே" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஆவணியில் நைனா குவைத்துக்குப் போனார். ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று. அம்மா அதற்கப்புறம் புதுத்துணியில் கத்தரி வைக்கவேயில்லை. "ராசியில்லாத கை" என்று, சேலைக்கு ஓரம் அடிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். பதினோரு வருஷம் ஒட்டகம்போல் உழைத்துவிட்டு நைனா திரும்பி வந்தார், சர்க்கரை வியாதியோடு. யார் வந்தாலும், "இவ தச்ச டாப்புதான் என்ன குவைத்துக்கு அனுப்பிச்சிது" என்று சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். நானும் ஒவ்வொரு தடவையும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

போன வருஷம் நைனா காலமானார். அம்மா இப்போது திருப்பதியில் என்னோடு இருக்கிறாள். புத்தூர் ரோட்டில் ஷேர் ஜீப் என்று ஒன்றுகூடக் கிடையாது. அந்தத் தொட்டி இருந்த இடத்தில் செல்போன் கடை. போன வாரம் அலிபிரிப் பக்கம் யாரோ ஆசையாகப் புதுப்பித்த பழைய ஜீப் ஒன்று நின்றிருந்தது. கூரையைத் தொட்டுப் பார்த்தேன். கித்தான் இல்லை, ஏதோ பிளாஸ்டிக். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா மிச்சமிருந்த அவரைக்காயையும் ஒவ்வொன்றாக உரித்து முடித்தாள். அடித்தால்கூடத் தேவலை என்று எனக்கு இருந்தது.

"இத அந்தாளு இருக்கறப்ப சொல்லியிருக்கலாமேடி" என்றாள்.